எந்தக் கணக்கைச் செய்வது?
கணிதப் பரீட்சைக்கு முந்திய ஆறு வாரங்கள்

பரீட்சை நெருங்கிய வீட்டை வீதியிலிருந்தே அடையாளங் கண்டுகொள்ளலாம். தொலைக்காட்சியின் ஓசை அடங்கியிருக்கும். ஊர் உறங்கிய பின்னரும் ஒரு யன்னலில் மட்டும் விளக்கு எரியும். சமையலறையில் தேநீருக்கான கேத்தில் நேரங் கெட்ட நேரத்திலும் கொதித்துக்கொண்டிருக்கும். 2025 ஆம் ஆண்டு பொங்கல் கழிந்து மூன்று வாரமளவில், எமது அயல் வீட்டில் இத்தகைய விளக்கொன்று எரியக் கண்டு உள்ளே சென்றோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அப்பொழுது ஆறு வாரங்களே இருந்தன.

மேசையில் நிழற்பிரதி எடுத்த வினாத்தாள்கள் ஒரு முழ உயரத்துக்குக் குவிந்திருந்தன. அவற்றின் நடுவே அந்த வீட்டுப் பிள்ளை கணக்குச் செய்துகொண்டிருந்தாள்.

“இது எத்தனையாவது வினாத்தாள், பிள்ளை?” என்று கேட்டோம்.

“இருபத்தேழாவது, மாமா.”

“புள்ளி எவ்வளவு வருகிறது?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்தாவது வினாத்தாளில் 32, பதினைந்தாவதில் 33, இருபத்தாறாவதில் 31. சந்தியிலே சிறிய தேநீர்க்கடை நடத்தும் தந்தையார், கடையைப் பூட்டிவிட்டு வரும் வழியில் நாள்தோறும் ஒரு புதிய வினாத்தாளை வாங்கி வந்து மகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்பிலும் குறைவில்லை, உழைப்பிலும் குறைவில்லை. ஆயினும் புள்ளி அசையவில்லை.

இந்தக் காட்சி ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று. உயர்தர வகுப்பிற் சேர்வதற்குக் கணிதச் சித்தி வேண்டும் என்ற நியதியினால், இந்த ஒரு பாடம் எத்தனையோ இளம் உள்ளங்களின் நித்திரையைக் கெடுக்கின்றது. இறுதி வாரங்களில் எவ்வளவு படிப்பது என்று கேட்பவர்கள் பலர். எந்த வினாக்களைத் தெரிந்தெடுத்துச் செய்வது என்று கேட்பவர்களோ மிகச் சிலர். அந்த இரண்டாவது கேள்வியைக் குறித்தே இங்கு சிறிது ஆராய விரும்புகிறோம்.

புள்ளிக் கணக்கு

முதலிற் பரீட்சையின் அமைப்பை நோக்குவோம். அண்மை ஆண்டுகளில் வழங்கிவரும் முறைப்படி கணித பாடத்துக்கு இரண்டு வினாத்தாள்கள் உண்டு. முதலாவதற்கு இரண்டு மணித்தியாலம். அதன் முற்பகுதியில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பிற்பகுதியில் 5 அமைப்புக் கட்டுரை வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. இரண்டாவது வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். அதில் இரு பகுதிகளாக 12 வினாக்கள் உள்ளன. பகுதிக்கு ஐந்தாகப் பத்துக்கு விடையளித்தல் வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. ஆக மொத்தம் 200. அதனை இரண்டால் வகுத்தே இறுதிப் புள்ளி கணிக்கப்படுகிறது.

பாடசாலைகளில் வழக்கமாகக் கொள்ளப்படும் எல்லைப்படி 35 புள்ளி சாதாரண சித்தி. 50 திறமைச் சித்தி. எமது அயல் வீட்டுப் பிள்ளை பெற்ற 31 என்பது 200 இல் 62 ஆகும். சித்திக்கு வேண்டியது 70. குறைவு எட்டே எட்டுப் புள்ளிகள். அதாவது நான்கு குறுவினாக்கள், அல்லது ஒரு பெரிய வினாவின் பெரும்பகுதி. இதை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் காட்டியபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். மலையென்று எண்ணியிருந்தது ஒரு வாசற்படி உயரந்தான் என்று கண்டதும் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது.

அப்படியானால் இருபத்தேழு வினாத்தாள்களும் அந்த எட்டுப் புள்ளியை ஏன் தேடித் தரவில்லை? அவள் ஒரு வினாத்தாளைச் செய்வாள், விடையைச் சரிபார்ப்பாள், புள்ளியை எழுதுவாள், பெருமூச்சு விடுவாள், அடுத்ததை எடுப்பாள். அறிந்த கணக்குகளை இருபத்தேழு முறையும் சரியாகச் செய்தாள். அறியாதவற்றை இருபத்தேழு முறையும் பிழையாகச் செய்தாள். வினாத்தாள் ஒரு தராசு. தராசில் ஏறி ஏறி இறங்குவதனால் உடல் தேறிவிடாது.

பிழைகளை வகுத்தல்

ஆதலின், இறுதி வாரங்களில் செய்ய வேண்டிய வினாக்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை மாணவர் தம் பிழைகளிடமே ஒப்படைத்தல் வேண்டும். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, கடைசியாகச் செய்த மூன்று நான்கு வினாத்தாள்களில் புள்ளி இழந்த ஒவ்வோரிடத்தையும் அதிற் குறிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு பிழைக்கும் எதிரே நான்கிலொரு காரணத்தை எழுத வேண்டும்: ஒன்று, பாடமே தெரியாது. இரண்டு, பாடம் தெரியும். இந்த வினாவுக்கு அந்தப் பாடமே வேண்டுமென்பது தோன்றவில்லை. மூன்று, வழி தெரியும், கை தவறியது. நான்கு, நேரம் போதவில்லை.

நோய் வேறானால் மருந்தும் வேறு. பாடமே தெரியாதவன் வினாத்தாளைத் தேடிப் பயனில்லை. பாடநூலைத் திறந்து, செய்து காட்டப்பட்ட உதாரணத்தை மூடிவைத்துத் தானே செய்துபார்க்க வேண்டும். கை தவறுபவனுக்குக் கடினமான வினாக்கள் வேண்டியதில்லை. சிறிய வினாக்களை ஒவ்வொரு படியும் எழுதிச் செய்வதே போதும். 20 இலிருந்து அடைப்புக்குறிக்குள் நிற்கும் 8 சய 3 என்பதைக் கழிக்கச் சொன்னால், அடைப்பைத் திறக்கும்போது அடையாளத்தை மாற்ற மறந்து 9 என்று விடை எழுதுபவர் பலர். சரியான விடை 15. இந்த ஒரு பழக்கம் சமன்பாட்டிலும் சமனிலியிலும் காரணிப்படுத்தலிலும் புகுந்து புள்ளியை அரித்துவிடும். நேரம் போதாதவனுக்கோ, மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்யும் முழு வினாத்தாளே மருந்து.

எமது அயல் வீட்டுப் பிள்ளையின் பிழைகளை அவளுடன் இருந்து வகுத்துப் பார்த்தோம். பக்கம் பக்கமாக நிறைந்திருந்த பிழைகளுட் பாதிக்கு மேற்பட்டவை நான்கே வேர்களிலிருந்து முளைத்திருந்தன. அடைப்புக்குறியின் முன் நிற்கும் சய அடையாளம் ஒன்று. கூம்பின் சாயுயரத்தையும் செங்குத்துயரத்தையும் ஒன்றாகக் கொள்ளுதல் மற்றொன்று. கூட்டமாக்கிய தரவுகளின் இடையைக் காணும்போது மீடிறன்களின் கூட்டுத்தொகையால் வகுக்காமல் வகுப்பாயிடைகளின் எண்ணிக்கையால் வகுத்தல் மூன்றாவது. சதவீதத்தைப் பின்னோக்கிக் கணித்தல் நான்காவது.

உடன்பிறந்த வினாக்கள்

அந்த நான்காவது வேரைச் சற்று விளக்குவோம். 10 சதவீதக் கழிவின் பின் ஒரு பொருள் 1800 ரூபாவுக்கு விற்கப்பட்டது. குறித்த விலை யாது? 1800 இல் 10 சதவீதத்தைக் கூட்டி 1980 என்று எழுதியிருந்தாள். ஆனால் 1800 என்பது குறித்த விலையின் 90 சதவீதம். ஆகவே குறித்த விலை 2000 ரூபா. இன்னொரு வினாத்தாளில், 18 சதவீதப் பெறுமதி சேர் வரியுடன் 2360 ரூபா செலுத்தப்பட்டது, வரிக்கு முந்திய விலை யாது என்ற வினா. 2360 இல் 18 சதவீதத்தைக் கழித்து 1935 ரூபா 20 சதம் என்று எழுதியிருந்தாள். விடை 2000 ரூபா. வேறொன்றில், தாங்கியிலிருந்த நீரில் ஐந்திலொரு பங்கு எடுத்தபின் 40 லீற்றர் எஞ்சியது, முன்னிருந்த நீர் எவ்வளவு என்ற வினா. 48 என்று எழுதியிருந்தாள், விடை 50.

கழிவு, வரி, பின்னம் என்று மூன்று அலகுகளில் மூன்று வினாக்கள். மூன்றிலும் பிழை ஒன்றே: எதன் சதவீதம், எதன் பங்கு என்று கேளாமல் கணிக்கத் தொடங்கியமை. இவற்றை நாம் உடன்பிறந்த வினாக்கள் என்போம். இலக்கத்தை மாத்திரம் மாற்றிய பத்துக் கழிவுக் கணக்குகளைச் செய்வதிலும், வேடம் மாறி வரும் இத்தகைய மூன்று உடன்பிறப்புக்களைத் தேடி ஒருங்கே செய்தல் நன்று. வேரைக் கண்டுகொண்ட மாணவன் நாலாவது வேடத்தில் அது வந்தாலும் ஏமாற மாட்டான்.

கலந்து செய்தல்

வேர் ஒருவாறு பிடிபட்ட பின்னர் வினாக்களை அலகு அலகாகச் செய்வதை நிறுத்தி, கலந்து செய்ய வேண்டும். பலருக்கு இது கசப்பான யோசனை. ‘கூம்பு’ என்ற தலைப்பின் கீழுள்ள இருபது கணக்குகளையும் ஒரே இருப்பிற் செய்தால் எல்லாம் சரியாக வரும். மனத்துக்கும் இதமாக இருக்கும். ஆனால் பரீட்சைத்தாளில் தலைப்பு இராது. வட்டமொன்றின் நாண் 8 சதமமீற்றர், மையத்திலிருந்து அதன் தூரம் 3 சதமமீற்றர், ஆரையைக் காண்க என்று மட்டுமே வினா கேட்கும். மையத்திலிருந்து வரையும் செங்குத்து நாணை இருசமகூறிடும் என்பதையும், அதனாற் கிடைக்கும் செங்கோண முக்கோணியிற் பைதகரசின் தேற்றம் ஒளிந்திருப்பதையும் மாணவனே கண்டுபிடித்து, 5 சதமமீற்றர் என்ற விடைக்கு வரவேண்டும்.

இதனைப் பரிசோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் றோரர், கெலி ரெயிலர் என்னும் இருவர் 2007 ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் காணும் கணக்குகளை மாணவருள் ஒரு சாரார் வகை வகையாகவும், மறு சாரார் கலந்தும் பயின்றனர். பயிற்சியின்போது வகை வகையாகச் செய்தவர்கள் 89 சதவீதம் சரியாகச் செய்தனர். கலந்து செய்தவர்களோ 60 சதவீதமே. ஆனால் ஒரு வாரத்தின் பின் நடத்திய சோதனையில் நிலைமை தலைகீழாயிற்று. கலந்து பயின்றவர்கள் 63 சதவீதம். வகை வகையாகப் பயின்றவர்கள் 20 சதவீதம்.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் யாதெனில், பயிற்சி இலகுவாகச் செல்வது பரீட்சைக்கு ஆயத்தமாகி விட்டதன் அடையாளமன்று. கலந்து செய்யும்போது பிழைகள் கூடினால் மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. எந்த வழியைத் தெரிவது என்னும் பயிற்சியே அங்குதான் நடைபெறுகின்றது.

கடந்தகால வினாத்தாள் என்னும் சேமிப்பு

எங்கிருந்து வினாக்களை எடுப்பது? பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களுக்கு ஒப்பானவை வேறில்லை. அவற்றின் புள்ளியிடும் திட்டத்தையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிகளுக்குப் புள்ளி உண்டு என்பதை அத்திட்டம் கண்முன் காட்டும். வரைபு வினாவில் அட்டவணையை நிரப்பி, அச்சுக்களைக் குறித்து, புள்ளிகளை இட்டவனுக்கு, கடைசிப் பகுதி தெரியாவிட்டாலும் கை வெறுமையாகாது. தெரியாத வினாவை வெற்றிடமாக விட்டுவரும் பிள்ளைகள் இதனைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் இவ்வினாத்தாள்கள் ஆண்டுக்கு ஒன்றாகவே பிறப்பவை. ஆதலின் அவற்றைச் சேமிப்புப் பணம்போற் செலவிட வேண்டும். பழைய ஆண்டுகளினவற்றை முதலில் எடுத்து வினா வினாவாகப் பிரித்துப் பயிலலாம். அண்மைய இரண்டு மூன்று ஆண்டுகளினவற்றை, விடையைக்கூடப் பாராமல், நேரங் குறித்துச் செய்யும் ஒத்திகைக்கென ஒதுக்கி வைத்தல் நன்று. பாடத்திட்டம் மாறுமுன் வந்த தாள்களில் இப்போதைய பாடநூலில் இல்லாத அலகுகள் வரக்கூடும். அவற்றைக் கண்டு அஞ்சாமல் விட்டுவிட வேண்டும். மாகாண, வலயத் தவணைப் பரீட்சைத் தாள்கள் உடன்பிறந்த வினாக்களைத் தேடுவதற்கு உதவும். கடையில் விற்கும் மாதிரி வினாத்தாள்களில் நல்லவையும் உண்டு. பிழையான விடை அச்சிட்டவையும் உண்டு. விடை இருமுறை ஒவ்வாவிட்டால் ஆசிரியரிடம் காட்டுவதே முறை.

‘இம்முறை வரப்போகும் வினாக்கள்’ என்று இறுதி நேரத்திற் பரவும் தாள்களை நம்பி நித்திரை கெடுப்பது வீண். பரீட்சைக்கு முந்திய சில நாட்களில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்துவதையும், உத்தேச வினாக்களை அச்சிட்டு வழங்குவதையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்து வருகிறது. மீறுவோர் 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்குள்ளாவர். அந்த நாட்கள் மாணவன் தன் கொப்பியோடு தனித்திருக்க வேண்டிய நாட்கள்.

எவருக்கு எவ்வினா?

எல்லோருக்கும் ஒரே வினா பொருந்தாது. முப்பதுகளில் நிற்கும் மாணவர் 25 குறுவினாக்களிலும் அமைப்புக் கட்டுரை வினாக்களின் முற்பகுதிகளிலும் கருத்தைச் செலுத்த வேண்டும். குறுவினாக்கள் மாத்திரமே இறுதிப் புள்ளியில் 25 ஐத் தரவல்லன. அவற்றோடு இரண்டாம் வினாத்தாளிற் பெரும்பாலும் இடம்பெறும் இருபடி வரைபு, கூட்டமாக்கிய தரவின் இடை, கேத்திரகணித அமைப்பு, விருத்தி, தொடைகள் என்பவற்றுள் தமக்கு இணக்கமான சிலவற்றை உறுதியாக்கிக்கொள்வது போதுமானது. எழுபதுகளில் நிற்கும் மாணவருக்கோ, செய்து பழகிய கணக்குகள் பொழுதுபோக்கு மட்டுமே. கேத்திரகணித நிறுவல்களிலும் பெரிய வினாக்களின் ஈற்றுப் பகுதிகளிலுந்தான் அவர்களுக்குரிய புள்ளிகள் காத்திருக்கின்றன. இரு சாராருக்கும் அளவுகோல் ஒன்றே: சிறிது முயன்றால் எட்டக்கூடிய வினாவே இன்றைக்குரிய வினா.

‘இந்த அலகுகளை விட்டுவிடலாம்’ என்று பட்டியலிடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் வினாத்தாளின் ஒவ்வொரு பகுதியிலும் ஆறில் ஒன்றைத்தான் கைவிடலாம். எதைக் கைவிடுவது என்பதும் பழக வேண்டிய ஒரு கலையே. வினாத்தாளை வாசித்து வினாக்களைத் தெரிவுசெய்வதற்கெனப் பத்து நிமிடம் மேலதிகமாக வழங்கப்படுகிறது. ஒத்திகையின்போது அந்தப் பத்து நிமிடத்தையும் தவறாமற் பயன்படுத்திப் பழகுதல் வேண்டும்.

ஆறு வாரத்து ஒழுங்கு

சுருங்கச் சொன்னால் ஒழுங்கு இதுவாகலாம். முதல் வாரம்: பழைய வினாத்தாள்கள் இரண்டைச் செய்து பிழைகளை வகுத்தல். இரண்டாம், மூன்றாம் வாரங்கள்: வேர் வேராக எடுத்து, நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு உடன்பிறந்த வினாக்கள். பிழைத்த வினாவை மூன்று நாளின் பின்னும் ஒரு வாரத்தின் பின்னும் விடையைப் பாராமல் மீளச் செய்தல். நான்காம், ஐந்தாம் வாரங்கள்: கலந்த வினாக்கள், வாரத்துக்கு ஒருமுறை, காலையில், நேரங் குறித்து, இரு வினாத்தாள்களும். பெரிய வினாவுக்குப் பதினெட்டு நிமிடம், குறுவினாவுக்கு இரண்டு நிமிடம் என்ற கணக்கு கைக்குப் பழக வேண்டும். ஆறாம் வாரம்: புதிய வினாத்தாள் வேண்டாம், பிழைக் கொப்பியே பாடநூல். அந்த வாரத்தில் நித்திரையும் ஒரு பாடந்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளைக்காக வினாத்தாள் வாங்கிவரும் கைகளை நாம் குறைகூறோம். உழைத்த பணத்தில் ஒரு பங்கை அதற்கென எடுத்துவைக்கும் தந்தையரின் அன்பு பெரிது. ஆயினும் “இன்று எத்தனை வினாத்தாள் செய்தாய்?” என்று கேட்பதை விடுத்து, “இன்று எந்தப் பிழை திருந்தியது?” என்று கேட்டுப் பாருங்கள். கணிதம் அறியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி அது. பிள்ளை தன் பிழையைத் தாய்க்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லுமானால், பாதிப் பிழை அங்கேயே திருந்திவிடும்.

அயல் வீட்டுக்குத் திரும்புவோம். மறுநாள் முதல் புதிய வினாத்தாள் வருவது நின்றது. தந்தையார் முதலில் ஐயுற்றார். மகள் படிப்பைக் குறைத்துவிட்டாளோ என்று கவலைப்பட்டார். பின்னர் கடையிலிருந்து வந்ததும் அவள் அருகே அமர்ந்து, அன்றைய பிழையைக் கேட்டறியத் தொடங்கினார். விலைக்கழிவைப் பின்னோக்கிக் கணிக்கும் விதத்தை அவள் விளக்கியபோது, “இதை நான் கடையில் நாள்தோறும் செய்கிறேனே” என்று அவர் சொன்னாராம். ஐந்தாம் வார ஒத்திகையில் அவள் பெற்றது 39.

2025 மார்ச் மாதத்தில் அவள் பரீட்சை எழுதினாள். யூலையிற் பெறுபேறுகள் வெளியாயின. கணிதத்தில் சாதாரண சித்தி. ஊர் கூடிக் கொண்டாடும் பெறுபேறன்று அது. ஆனால் அந்தச் சித்தியினால், அவள் விரும்பிய வர்த்தகப் பிரிவின் வகுப்பறைக் கதவு திறந்தது. மாலையில் ஒரு தட்டிற் கற்கண்டுடன் எம் வீட்டுக்கு வந்தவள், திரும்பும்போது மெல்லக் கேட்டாள்:

“மாமா, அந்த இருபத்தேழு வினாத்தாளையும் என்ன செய்வது?”

அடுத்த ஆண்டு பரீட்சை எழுதும் அவள் தம்பிக்கு வைத்திருக்கச் சொன்னோம். அவற்றோடு பிழைக் கொப்பியையும் வைக்கச் சொன்னோம். அவள் சிறிது யோசித்துவிட்டு, “வினாத்தாளைக் கொடுக்கிறேன். கொப்பியை அவன் தானே எழுதட்டும்” என்றாள்.